பிரசவ அறையின் மூடிய கதவு: ஒட்டன்சத்திரத்துத் தலித் பெண்ணுக்குத் தேர்வு என்று ஒன்று உண்டா?

தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறத்தாழ அனைத்தும் இன்று மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்த அளவு 99.6 விழுக்காடு, இந்திய அளவில் அது 88.6 மட்டுமே. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறையின் கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு நிகழும் தாய் மரணம் இந்தியாவில் 97 ஆகவும் தமிழ்நாட்டில் 54 ஆகவும் இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர்கள், இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008 முதல் ஓடும் 108 ஊர்தி ஆகியவற்றின் உழைப்பு இந்த எண்களில் உள்ளது. பொது மருத்துவக் கட்டமைப்பின் இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆனால், எத்தனை பெண்கள் மருத்துவமனைக்குள் வந்தார்கள் என்று எண்ணுகிற அரசு, உள்ளே வந்தவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டார்கள் என்பதை எண்ணுவதில்லை. இதற்கிடையே பெருநகரங்களில் ஒரு புதிய விவாதம் எழுந்துள்ளது: குழந்தையை மருத்துவமனைப் பிரசவ அறையில் பெறுவதா, செவிலியர் நடத்தும் பிரசவ மையத்தில் பெறுவதா? ஐதராபாத், கொச்சி, பெங்களூரு போன்ற நகரங்களின் வசதி படைத்த குடும்பங்கள் இதை ஒரு தனிப்பட்ட விருப்பமாகப் பேசுகின்றன. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தைக்கும் அருந்ததியர் பெண்ணுக்கும், வடகாடு மலையில் வாழும் பளியர் பெண்ணுக்கும் இந்த விவாதத்தில் இடம் உண்டா என்பதே நம் கேள்வி.

இரண்டு இடங்கள், இரண்டு அணுகுமுறைகள்

பிரசவ மையம் என்பது வீட்டுப் பிரசவமன்று. பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியரின் பொறுப்பில், சிக்கல் குறைந்த கர்ப்பங்களை மட்டும் ஏற்று, தேவையற்ற மருந்தும் கத்தியும் இன்றிப் பிரசவம் பார்க்கும் இடம் அது. அங்கே பெண் நடக்கலாம், நீர் அருந்தலாம், தனக்கு ஏற்ற நிலையில் அமரலாம், தன் தாயையோ கணவரையோ அருகில் வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனைப் பிரசவ அறையில் மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், இரத்த வங்கி, அறுவை அரங்கு ஆகியவை கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். ஆனால் அங்கே பெண் பெரும்பாலும் மேசையில் மல்லாந்து கிடத்தப்படும் ஓர் உடல்.

இவ்விரண்டையும் ஒப்பிட்ட மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 64,000 பெண்களைத் தொடர்ந்து 2011 இல் வெளியானது. சிக்கல் குறைந்த பெண்களைப் பொறுத்தவரை, செவிலியர் நடத்தும் மையங்களில் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும், சிசேரியன் உள்ளிட்ட தலையீடுகள் கணிசமாகக் குறைவு என்றும் அது கண்டது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைப் பிரசவ மையத்தின் ஆர்வலர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். தனித்து இயங்கும் மையங்களில் சேர்ந்த முதல் பிரசவப் பெண்களில் மூவரில் ஒருவருக்கும் மேல் பிரசவத்தின் போதோ, முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர்.

ஆகவே பிரசவ மையத்தின் பாதுகாப்பு அதன் அழகிய அறைகளில் இல்லை. வாசலில் நிற்கும் ஊர்தியிலும், அந்த ஊர்தி சென்று சேரும் மருத்துவமனை தாமதமின்றிக் கதவைத் திறப்பதிலும் இருக்கிறது. சாலை இல்லாத ஊருக்கும், கதவைத் திறக்கத் தயங்கும் மருத்துவமனைக்கும் இங்கிலாந்தின் முடிவை அப்படியே பொருத்த முடியாது.

ஒட்டன்சத்திரத்தில் இருப்பவை

ஒட்டன்சத்திரம் மருத்துவ வரலாறு இல்லாத ஊரன்று. 1955 இல் மருத்துவர் ஏ.கே. தாரியன் முதலானோர் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை இப்பகுதியின் ஏழைகளுக்குப் பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்து வந்துள்ளது. அரசு மருத்துவமனையும், சுற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. கிழக்கே திண்டுக்கல், மேற்கே பழனி. இரண்டும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2021 இல் வந்தது.

ஊருக்குத் தெற்கே நிலைமை மாறுகிறது. பரப்பலாறு அணையைத் தாண்டி வடகாடு, பாச்சலூர் என்று மலை ஏறத் தொடங்குகிறது. பளியர் குடியிருப்புகளும், பழங்குடிப் பட்டியலில் தங்களைச் சேர்க்கக் கோரி வரும் புலையர் குடியிருப்புகளும், தோட்டத் தொழிலாளரான தலித் குடும்பங்களும் இந்தப் பழனி மலைத்தொடரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கொடைக்கானல் பக்கத்து வெள்ளகவி, பெரியகுளம் பக்கத்துச் சின்னூர் போன்ற ஊர்களிலிருந்து கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித் தூக்கிவரும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. இவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய ஏற்பாடுதான் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிரசவக் காத்திருப்பு அறை. நாள் நெருங்கியதும் பெண் முன்கூட்டியே வந்து தங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றாடக் கூலியில் வாழும் பெண் பத்து நாள் அங்கே தங்கினால், வீட்டில் இருக்கும் மூத்த குழந்தைக்கு யார் கஞ்சி ஊற்றுவது? உடன் வந்து தங்கும் துணையின் கூலியை யார் கொடுப்பது? இக்கேள்விகளுக்கு விடை சொல்லாத வரை, அந்த அறை காலியாகக் கிடப்பதற்குப் பழங்குடிப் பெண்ணின் அறியாமையைக் காரணம் காட்டுவது நேர்மையன்று.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். மூன்று செவிலியர்கள் முறை வைத்து இரவும் பகலும் பிரசவம் பார்த்த நம் ஆரம்ப சுகாதார நிலையம், பெயரில் இல்லாவிட்டாலும் செயலில் ஒரு பிரசவ மையமாகவே இருந்தது. ஊருக்கு அருகில் இருந்தது, செலவில்லாதது, செவிலியரை முதன்மையாகக் கொண்டது. இன்று அந்நிலையங்களில் பிரசவங்கள் குறைந்து, பெரிய மருத்துவமனைகளின் சீமாங்க் மையங்களில் கூட்டம் நெருக்குகிறது. சிறு ஐயம் எழுந்தாலும் மேலே அனுப்பிவிடுவது பொறுப்பிலிருந்து தப்பும் வழியாகிவிட்டது. நகரத்துப் பணக்காரர் பெரும் பணம் கொடுத்துத் தேடுகிற ஒன்றை, ஏழைக்கு இலவசமாகத் தந்த அமைப்பு ஓசையின்றித் தேய்கிறது.

மிகையும் குறையும்

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 44.9 விழுக்காடு சிசேரியன் மூலம் பிறப்பதாக அதே கணக்கெடுப்பு கூறுகிறது. தனியார் மருத்துவமனைகளில் இது 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. சமூக அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன் உயர்வதால் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவித்தது. வயிற்றைக் கீறிய பெண் மறு மாதமே வெங்காய வயலில் குனிந்து களை எடுக்க வேண்டியிருக்கும்போது, தேவையற்ற ஓர் அறுவை அவளுடைய கூலியையும் உடலையும் சேர்த்தே அறுக்கிறது.

ஆயினும், "சிசேரியன் வேண்டாம், இயற்கையாகப் பெறுவோம்" என்ற முழக்கத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தம் குறைந்த உடல், பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கைத் தாங்காது. "சிக்கல் குறைந்த கர்ப்பம்" என்ற தகுதியே நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த உடலுக்குரியது. அந்த உணவும் ஓய்வும் நிலத்தோடும் கூலியோடும் சாதியோடும் பிணைந்தவை. ஆகவே பிரசவ மையத்தின் வாசலில் இருக்கும் முதல் வடிகட்டியிலேயே நம் பெண்களில் பலர் நின்றுவிடுவார்கள். அறுவை அரங்கும் இரத்த வங்கியும் நமக்குத் தேவை. அவற்றை நெருங்குவதற்கு விலையாக மாண்பை இழக்க வேண்டியதில்லை என்பதே நம் வாதம்.

மருத்துவச்சியின் சாதி

மரபுவழிப் பிரசவத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பவர்கள், அந்தப் பிரசவத்தைப் பார்த்தவர் யார் என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள். தலித் குடியிருப்புகளில் புதிரை வண்ணார் உள்ளிட்ட சமூகங்களின் பெண்கள் அப்பணியைச் செய்தனர். வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுக்கும் வேலை தலித் பெண்கள் மீது சுமத்தப்பட்டது. குழந்தையை உலகுக்குக் கொண்டுவந்த கைக்குக் கூலியாகக் கொஞ்சம் தானியமும், கூடவே "தீட்டு" என்ற பட்டமும் கிடைத்தன. 1950களில் உத்தரப் பிரதேசத் தலித்துகள் தொப்புள்கொடி அறுக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் மறுத்து நடத்திய போராட்டம் "நாரா-மவேஷி இயக்கம்" என்று அறியப்படுகிறது. பிரசவம் பார்க்க மறுப்பதே ஒரு விடுதலைப் போராட்டமாக இருந்த வரலாறு நம்முடையது.

ஆதலால், 2018 இல் திருப்பூரில் இணையக் காணொலியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் உயிரிழந்த நிகழ்வுக்குப் பின்னும் தொடரும் "இயற்கைப் பிரசவ"ப் பிரச்சாரத்தை நாம் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். மருத்துவமனையின் அவமதிப்புக்கு மாற்று, மருத்துவம் இல்லாத பிரசவம் ஆகாது.

அதே நேரம், ஒடுக்கப்பட்டோர் பிரசவ மையத்தைத் தம் கருவியாக்கிக்கொண்ட முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மாரின் இறப்பு விகிதம் வெள்ளையரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மருத்துவமனைகளின் இனவெறியை எதிர்கொள்ள, கறுப்பினப் பேறுகாலச் செவிலியர்களே தம் மக்களுக்கான மையங்களைத் தொடங்கினர். மினியாபொலிஸ் நகரில் 2015 இல் தொடங்கிய ரூட்ஸ் மையம் அவற்றுள் ஒன்று. தங்கள் பாட்டிமார் செய்த தொழிலை அவர்கள் கல்வியோடும் உரிமத்தோடும் ஊதியத்தோடும் மீட்டெடுத்தார்கள். சாதி சுமத்திய வேலைக்கும், படித்துப் பெற்ற பணிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கதவுக்குள் சட்டம் நுழையுமா?

பிரசவ அறையில் நிகழும் இழிவுகளைப் பற்றி வழக்கறிஞர்களிடம் வரும் முறையீடுகள் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். வலியில் கத்திய பெண்ணை ஆபாசமாக ஏசுவது, "உங்க ஆளுங்களுக்கு இதே வேலை" என்று குடியிருப்பின் பெயரைச் சொல்லிப் பேசுவது, அடிப்பது, குழந்தையைக் காட்டப் பணம் கேட்பது, கேட்காமலே காப்பர்-டி பொருத்துவது. பெரும்பாலானவை வழக்காவதில்லை. ஏன் என்பதைச் சட்டத்தின் வழியே பார்ப்போம்.

சட்டம் இல்லாமல் இல்லை. தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதையும், அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 இன் 5ஆம் பிரிவு தண்டிக்கிறது. மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுள் நுழைவதைத் தடுப்பதை, 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(இசட்ஏ) இன் கீழ்க் குற்றமாக்கியுள்ளது. சாதிப் பெயரால் ஏசுவதும், இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பதும் அதே சட்டத்தின் வேறு உட்பிரிவுகளில் வருகின்றன.

சிக்கல் ஒரு சொற்றொடரில் இருக்கிறது. அவமதிப்பு "பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்" நிகழ்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில், ஓர் அரசு அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் இல்லாதபோது நடந்ததாகக் கூறப்பட்ட சாதி வசவு இப்பிரிவுகளின் கீழ் வராது என்று கூறி வழக்கை ரத்து செய்தது. இத்தீர்ப்பைப் பிரசவ அறையோடு பொருத்திப் பாருங்கள். உள்ளே இருப்போர் பணியாளர்களும் வலியில் கிடக்கும் பெண்களும் மட்டுமே. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தாய்க்கு எதுவும் தெரியாது. சாட்சி இல்லாத இடத்தில் குற்றமும் இல்லாமல் போகிறது.

பிரசவத் துணை என்ற ஏற்பாட்டின் சட்டப் பொருள் இங்கேதான் விளங்குகிறது. பெண் விரும்பும் ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்க 2004 இலேயே தமிழ்நாடு வழிவகுத்தது. 2016 இல் ஒன்றிய அரசும் அனைத்துப் பொது மருத்துவ நிலையங்களிலும் இதை அனுமதித்தது. துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்று மருத்துவம் கூறும். துணை இருந்தால் சாட்சி இருக்கிறார் என்று சட்டம் படித்தவர் சொல்ல வேண்டும். "இடம் இல்லை, கூட்டம் அதிகம்" என்று துணையை வெளியே நிறுத்துவது நிர்வாக வசதி மட்டுமன்று. தலித் பெண்ணின் ஒரே சான்றை வெளியேற்றும் செயலும் ஆகும்.

இரண்டாவது தடை நுகர்வோர் சட்டத்தில் உள்ளது. வி.பி. சாந்தா வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் அனைவருக்கும் இலவசமாக வழங்கப்படும் அரசு மருத்துவம் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. பணம் கட்டிப் பிரசவ மையத்துக்குச் சென்ற பெண்ணுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. இலவச வார்டில் கிடந்த பெண்ணுக்கு அது இல்லை. அவளுக்கு எஞ்சியவை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு, மாநில மனித உரிமை ஆணையம், மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், உரிமையியல், குற்றவியல் நீதிமன்றங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இதைப் பிரசவ அறைச் சுவரில் எழுதி வைத்த மருத்துவமனை ஒன்றையேனும் நாம் பார்க்க வேண்டும்.

ஒப்புதலின்றிக் காப்பர்-டி பொருத்துவதும் சட்ட மீறலே. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குத் தந்ததாகாது என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிரசவ மேசையில் கிடக்கும் பெண்ணின் மௌனம் கையெழுத்தாகாது.

அரசின் கடமை

தேர்வு என்பது தனிமனித விருப்பமாகச் சுருக்கப்படும்போது அரசு தப்பித்துக்கொள்கிறது. 2010 ஜூனில் லட்சுமி மண்டல் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி எஸ். முரளிதர், பொது மருத்துவத்தை அணுகும் உரிமையும் உணவு உரிமையும் வாழ்வுரிமையின் பிரிக்க இயலாத பகுதிகள் என்று தீர்ப்பளித்தார். அவ்வழக்குடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு, மகப்பேறு இல்லத்தில் இடம் கிடைக்காமல் மரத்தடியில் பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றியது. அதற்கு அடுத்த ஆண்டு, ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த பிரேசில் பெண் அலைன் பிமென்டெலின் பேறுகால மரணத்தில், இனமும் வறுமையும் சேர்ந்த பாகுபாட்டுக்குப் பிரேசில் அரசே பொறுப்பு என்று ஐ.நா. பெண்கள் மீதான பாகுபாடு ஒழிப்புக் குழு கூறியது. தவறு தொடங்கிய இடம் தனியார் மருத்துவமனை என்பதால் அரசின் பொறுப்பு நீங்காது என்பது அம்முடிவின் சாரம்.

அண்ணல் அம்பேத்கர் 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது, ஆகவே அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி முதல் இரண்டு குழந்தைகளோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்குத்தான் உதிரப்போக்கின் ஆபத்தும் இரத்தசோகையும் கூடுதல் என்பதை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை.

பிரசவ மையமா, மருத்துவமனையா என்ற கேள்விக்கு இப்பகுதி மக்கள் சார்பில் நாம் வைக்கக்கூடிய விடை இரண்டையும் ஒரே வளாகத்தில் கேட்பதுதான். ஒன்றிய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட பேறுகாலச் செவிலியப் பணி வழிகாட்டுதல்கள் இதற்கு இடம் தருகின்றன. 18 மாதச் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் தலைமையிலான பிரிவுகளைப் பிரசவம் மிகுந்த பொது மருத்துவமனைகளில் தொடங்க அவை வழிவகுக்கின்றன. கதவின் இப்புறம் செவிலியர் பார்க்கும் அமைதியான பிரசவம். சிக்கல் வந்தால் அப்புறம் அறுவை அரங்கு. மாற்றிச் செல்லும் தொலைவு முப்பது கிலோமீட்டரிலிருந்து முப்பது அடியாகக் குறையும்.

ஆகவே கீழ்வரும் கோரிக்கைகளை மாணவர்களும் இயக்கங்களும் முன்னெடுக்க வேண்டும்:

1. ஒட்டன்சத்திரம், பழனி அரசு மருத்துவமனைகளில் செவிலியர் தலைமையிலான பிரசவப் பிரிவு. அதற்கான பயிற்சியில் தலித், பழங்குடிப் பெண்களுக்கு உரிய இடம்.

2. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறையை மீண்டும் முழுமையாக உயிர்ப்பித்தல். காத்திருப்பு அறையில் தங்கும் பெண்ணுக்கும் துணைக்கும் இழக்கும் கூலிக்கு ஈடான தொகை, உடன் வரும் குழந்தைக்கு உணவு.

3. பிரசவத் துணையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யும் கட்டாயம்.

4. தாய் மரணத் தணிக்கையிலும் மாவட்ட மகப்பேறு அறிக்கையிலும் சாதிவாரிப் புள்ளிவிவரம். மாநிலவாரியாகத் தாய் மரணத்தைச் சொல்லும் மாதிரிப் பதிவு முறை சாதிவாரியாகச் சொல்வதில்லை. எண்ணப்படாத மரணத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

5. முத்துலட்சுமி ரெட்டி உதவித்திட்டத்தில் இரண்டு குழந்தை வரம்பை நீக்குதல்.

6. அவமதிப்பு, கையூட்டு, ஒப்புதலற்ற கருத்தடை ஆகியவற்றைப் பெறும் புகார்ப் பெட்டி மருத்துவமனை நிர்வாகத்திடம் இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இருத்தல்.

இவற்றுள் நான்காவது கோரிக்கைக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் கூடினால் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நிகழ்ந்த தாய் மரணங்கள் எத்தனை, அவற்றுள் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை, எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு மாற்றப்படும் வழியில் இறந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் கல்லூரி மாணவரும் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். விவரம் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே நீதிமன்றத்தில் முதல் ஆவணமாக வைக்கலாம்.